பல் சிகிச்சைக்கு முன் வாய் கொப்பளிக்கச் செய்தல்: வைரஸ் பரவலைக் குறைக்க மவுத்வாஷைப் பயன்படுத்தும் முறை

பல் நாற்காலிக்கு மேலிருக்கும் விளக்கின் ஒளியைச் சற்றுப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், பல்லில் படிந்த காறையை அதிர்வால் அகற்றும் அல்ட்ராசோனிக் ஸ்கேலரின் முனை பல்லைத் தொட்ட மறுகணமே பனிமூட்டம்போல் ஒரு நீர்த்திரை எழுவது கண்ணுக்குத் தெரியும். அது கருவியிலிருந்து வரும் தண்ணீர் மட்டுமன்று. நோயாளியின் உமிழ்நீர், ஈறிலிருந்து கசியும் இரத்தம், பல்லில் படிந்திருந்த அழுக்குப் படலம் ஆகிய அனைத்தும் கலந்த நுண்துளிகள் அவை. நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று பல்லைக் குடையும் ஏர்ரோட்டரும், காற்றையும் நீரையும் சேர்த்துப் பீய்ச்சும் த்ரீவே சிரிஞ்சும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பெரிய துளிகள் நோயாளியின் மார்பிலும் மருத்துவரின் முகத்தடுப்பிலும் விழுந்துவிடுகின்றன. மிகச் சிறியவை அறைக்காற்றில் நெடுநேரம் மிதக்கின்றன. சிகிச்சைக்கு முன் நோயாளியைக் கிருமிநாசினி மருந்தால் வாய் கொப்பளிக்கச் செய்வது இந்தத் துளிகள் எழுவதைத் தடுக்காது. எழும் துளிகளில் உள்ள கிருமிகளை, அவை கிளம்பும் இடத்திலேயே, சிறிது நேரத்துக்குக் குறைக்கும். அந்தச் சிறிது நேரத்தை வீணாக்காமல் பயன்படுத்துவது எப்படி என்பதைச் சிறிய கிளினிக் நடத்தும் பல் மருத்துவர்களையும் அவர்களுடன் நிற்கும் உதவியாளர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

மருந்து செய்வதும் செய்யாததும்

வைரஸ்களில் கொழுப்பு உறை உள்ளவை, உறை இல்லாதவை என்று இரு வகை உண்டு. கொரோனா, இன்ஃப்ளூயன்சா, வாய்ப்புண்ணை உண்டாக்கும் ஹெர்பிஸ், கல்லீரல் அழற்சி பி மற்றும் சி, எச்ஐவி ஆகியவை உறை உள்ளவை. அந்த உறையைக் கலைத்துவிட்டால் வைரஸ் செல்லுக்குள் நுழையும் திறனை இழக்கிறது. சோப்பு நம் கைகளில் செய்யும் வேலையும் இதுவே. குழந்தைகளுக்குக் கை, கால், வாய் நோயைத் தரும் காக்சாக்கி வைரஸ், சளி உண்டாக்கும் ரைனோ வைரஸ், அடினோ வைரஸ், பாப்பிலோமா வைரஸ் போன்றவற்றுக்கு அத்தகைய உறை இல்லை. ஆகவே உறையைத் தாக்கி வேலை செய்யும் மருந்துகள் அவற்றிடம் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. ஒரே மவுத்வாஷ் எல்லா வைரஸையும் ஒழித்துவிடும் என்று நம்பி நாற்காலிக்கு அருகில் நிற்பது ஆபத்தானது என்பதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் உமிழ்நீரே. நம் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. நாற்காலியில் படுத்து வாயைத் திறந்து வைத்திருக்கும்போது அது இன்னும் வேகமாகச் சுரக்கிறது. கொரோனா வைரஸ் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள்ளேயே பெருகக்கூடியது என்பது 2021இல் உறுதியானது. எனவே வாயைக் கழுவியபின் சுரக்கும் புதிய உமிழ்நீரோடு புதிய வைரஸும் வந்து சேரும். மூக்கின் பின்புறத்திலிருந்தும் நுரையீரலிலிருந்தும் இருமலோடு வருவதை எந்த மவுத்வாஷும் தொடுவதில்லை. சிகிச்சையின் நடுவே கசியும் இரத்தத்தில் உள்ள வைரஸையும் அது தொடாது. ஊசி குத்தினால் தொற்றக்கூடிய கல்லீரல் அழற்சி பி நோய்க்குத் தடுப்பூசியும் கவனமான கையும்தான் பாதுகாப்பு. அந்த இடத்தில் மவுத்வாஷுக்கு வேலையே இல்லை.

ஆய்வுகள் சொல்வதையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், உதட்டில் ஹெர்பிஸ் புண் இருந்தவர்கள் தாவர எண்ணெய்கள் கலந்த மவுத்வாஷால் 30 விநாடி கொப்பளித்ததும், அவர்களுடைய உமிழ்நீரிலிருந்து உயிர்ப்புள்ள வைரஸை எடுக்க முடியாமல் போயிற்று. அரை மணி நேரம் கழித்தும் அந்தக் குறைவு ஓரளவு நீடித்தது. இது நல்ல செய்தி. ஆயினும் வைரஸ் குறைவதும், மருத்துவருக்கோ உதவியாளருக்கோ நோய் வராமல் இருப்பதும் ஒன்றல்ல. 2022இல் காக்ரேன் அமைப்பு இவ்வகை ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, கொப்பளிக்கச் செய்ததால் பல் மருத்துவப் பணியாளர்களுக்குத் தொற்று குறைந்ததா என்பதை அவற்றில் ஒன்றுகூட அளக்கவில்லை என்பது தெரிந்தது. கொரோனா காலத்தில் வந்த பல ஆய்வுகள் ஆர்டி-பிசிஆர் சோதனையை நம்பியவை. அந்தச் சோதனை வைரஸின் மரபுப்பொருளைக் கணக்கிடுமே தவிர, அந்த வைரஸ் இன்னும் தொற்றும் நிலையில் இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று சொல்லாது. இத்தனையும் தெரிந்த பிறகும் நான் இந்த வழக்கத்தை விடவில்லை. செலவு சில ரூபாய், நேரம் ஒரு நிமிடம், கிடைக்கக்கூடிய பயன் மெய்யானது. முகக்கவசத்தையும், வாயில் எழும் நீரையும் துளிகளையும் உறிஞ்சும் சக்ஷனையும் கைவிடாதவரை இதனால் இழப்பதற்கு எதுவும் இல்லை.

எந்த மருந்து

என் கிளினிக்கில் முதலிடம் போவிடோன் அயோடினுக்கு. உறை உள்ள வைரஸ், உறை இல்லாத வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை ஆகிய அனைத்தின்மீதும் அயோடின் வேலை செய்யும் என்பதே காரணம். 2020இல் வெளியான ஆய்வகச் சோதனையில், 0.5% செறிவுள்ள போவிடோன் அயோடின் கொரோனா வைரஸை 15 விநாடிகளில் செயலிழக்கச் செய்தது. இந்த மருந்தில் ஒரு வியப்பான குணம் உண்டு. செறிவு கூடக் கூட வீரியம் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் போவிடோன் என்னும் பெருமூலக்கூறு அயோடினைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுவிக்கிறது. கரைசலை நீர்க்கச் செய்யும்போது அந்தப் பிடி தளர்ந்து, கிருமியைக் கொல்லும் தனி அயோடின் அதிகமாக வெளிவருகிறது. 10% கரைசலில் இருப்பதைவிட 1% கரைசலில் தனி அயோடின் அதிகம். அதே வேளையில், நீர்த்த கரைசலின் கையிருப்பு குறைவு. உமிழ்நீரிலும் உணவுத் துணுக்கிலும் பட்டுச் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே நீர்க்கச் செய்வது நல்லது. நீர்த்ததைச் சேமித்து வைப்பது தவறு.

ஹைட்ரஜன் பெராக்சைடின் கதை நாம் மனத்தில் வைக்க வேண்டிய ஒன்று. 2020 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் பல் மருத்துவத்துக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், 1% ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது 0.2% போவிடோன் அயோடினால் 20 விநாடி கொப்பளிக்கச் செய்யலாம் என்று இருந்தது. ஆக்சிஜனேற்றத்துக்குக் கொரோனா வைரஸ் பணியும் என்ற எதிர்பார்ப்பில் பல நாடுகள் பெராக்சைடைப் பரிந்துரைத்தன. பின்னர் ஆய்வகத்தில் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, 1.5% மற்றும் 3% பெராக்சைடு 15 விநாடியிலும் 30 விநாடியிலும் வைரஸை மிகக் குறைவாகவே குறைத்தது. வாய்க்குள் நிலைமை இன்னும் மோசம். உமிழ்நீரிலும் இரத்தத்திலும் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடுகிறது. நோயாளியின் வாயில் பொங்கும் நுரையைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்கிறோம். உண்மையில் அது மருந்து அழிந்துகொண்டிருப்பதன் அடையாளம். அயோடின் ஒவ்வாத நோயாளிக்கு, வேறு எதுவும் கையில் இல்லாதபோது மட்டும் நான் இதைத் தருகிறேன்.

குளோர்ஹெக்சிடின் நம் ஊர் மருந்துக்கடைகளில் 0.2% அளவில் எளிதாகக் கிடைக்கிறது. பல்லிலும் வாயின் உட்தோலிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துவதில் அதற்கு இணையில்லை. ஈறு நோய்க்கு அதுவே நம் முதல் மருந்து. வைரஸைப் பொறுத்தவரை அதன் வலிமை சுமார்தான், உறை இல்லாத வைரஸிடம் மிகக் குறைவு. அரிதாக அது கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பல் பிடுங்கிய குழியைக் குளோர்ஹெக்சிடினால் கழுவியபோது ஏற்பட்ட ஒவ்வாமை அதிர்ச்சியில் நோயாளிகள் இறந்த நிகழ்வுகள் பிரிட்டனில் பதிவாகியுள்ளன. சீட்டைல்பிரிடினியம் குளோரைடு கலந்த மவுத்வாஷ்கள் உறை உள்ள வைரஸ்களின்மீது நன்றாக வேலை செய்கின்றன. அயோடின் கொடுக்க முடியாதவர்களுக்கு என் இரண்டாவது தேர்வு 0.07% அளவில் உள்ள அந்த மருந்தே. லிஸ்டரின் போன்ற தாவர எண்ணெய் வகைகளிலும் பயன் உண்டு. அவற்றில் பழைய வகைகளில் ஆல்கஹால் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். குழந்தைகளுக்கும், குடியை விட்டு மீண்டுகொண்டிருப்பவர்களுக்கும், வாயில் புண் உள்ளவர்களுக்கும் அது ஆகாது. திசுவைச் சூட்டால் தீய்க்கும் காட்டரி அல்லது லேசர் பயன்படுத்தப்போகும் வாயில் ஆல்கஹால் மருந்தை ஊற்றாதீர்கள்.

கலக்கும் முறை

கொப்பளிப்பதற்கென்று விற்கப்படும் 2% போவிடோன் அயோடினை எடுத்து, அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 1% கிடைக்கும். ஒரு பங்கு மருந்துக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.5% கிடைக்கும். நான் 0.5 முதல் 1 விழுக்காடு வரை வைத்துக்கொள்கிறேன். ஒரு நோயாளிக்கு 10 மி.லி. போதும். 2.5 மி.லி. மருந்து, 7.5 மி.லி. கொதித்து ஆறிய நீர் என்று ஊசி நீக்கிய சிரிஞ்சால் அளந்து, நோயாளி நாற்காலியில் அமர்ந்தபின் கலக்கச் சொல்லுங்கள். கண்மதிப்பில் ஊற்றினால், ஒரு நாள் தேன்நிறத்திலும் மறுநாள் காபி நிறத்திலும் மருந்து போகும். கலந்த கரைசலின் பழுப்பு நிறம் வெளிறிவிட்டால் அதிலுள்ள அயோடின் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதை ஊற்றிவிட வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்குக் கை கழுவப் பயன்படும் 7.5% போவிடோன் ஸ்க்ரப் குப்பியும், கொப்பளிக்கும் மருந்தின் குப்பியும் ஒரே நிறத்தில், ஒரே அலமாரியில் இருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரப்பில் சோப்பு கலந்திருக்கிறது. அது வாய்க்குள் போகவே கூடாது. இரண்டையும் வெவ்வேறு அறைகளில் வையுங்கள். பெராக்சைடைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால், கடையில் பொதுவாகக் கிடைப்பது 6% கரைசல் என்பதைக் குப்பியில் படித்து உறுதிசெய்துகொண்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் சேர்த்து 1.5 விழுக்காடாக்குங்கள். எந்த இரண்டு கிருமிநாசினிகளையும் ஒரே கோப்பையில் கலக்க வேண்டாம்.

கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

அயோடின் மருந்து பட்டு முன்பு தோல் தடித்ததா, தைராய்டுக்குச் சிகிச்சை நடக்கிறதா, தைராய்டு ஸ்கேனோ கதிரியக்க அயோடின் சிகிச்சையோ செய்யப்போகிறார்களா, லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார்களா, கர்ப்பமாக இருக்கிறார்களா, தாய்ப்பால் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் அயோடினைத் தவிர்த்து வேறு மருந்துக்குப் போகலாம். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்று சொல்பவர்களுக்கு அயோடினும் ஒத்துக்கொள்ளாது என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் இருக்கிறது; அந்த ஒவ்வாமை இறாலின் புரதத்தால் வருவது, அயோடினால் வருவதன்று. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விழுங்கிவிடுவார்கள். பக்கவாதம் வந்து விழுங்குவதில் சிரமப்படுபவர்களுக்கு மருந்து மூச்சுக்குழாயில் இறங்கும் அபாயம் உண்டு. இவ்விரு வகையினருக்கும் கொப்பளிக்கக் கொடுக்காமல், மருந்தில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியால் கன்னத்தின் உட்புறம், நாக்கு, ஈறு என்று மெதுவாகத் துடைத்து எடுப்பதே முறை.

கொப்பளிக்கச் செய்தல்

முதலில் வெறும் தண்ணீரால் வாயைக் கழுவச் சொல்லுங்கள். இதை ஒரு நோயாளியிடமிருந்து கற்றேன். காலைப் பலகாரத்தை முடித்த கையோடு வந்த ஓர் அம்மாளுக்கு அயோடின் கொடுத்தோம். அவர் துப்பியது கருநீலமாக இருந்தது. "ஐயோ டாக்டர், என்ன இது, இரத்தம் கெட்டுப்போச்சா?" என்று பதறிவிட்டார். பல்லிடுக்கில் இருந்த இட்லியின் மாவுச்சத்தோடு அயோடின் சேர்ந்ததால் வந்த நிறம் அது. பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் அயோடின் விட்டுப் பார்த்தோமே, அதே சோதனை. அவரைச் சமாதானப்படுத்திய பிறகுதான், வைரஸுக்காகக் கொடுத்த மருந்து இட்லிக்குச் செலவாகியிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. குளோர்ஹெக்சிடின் கொடுக்கும்போதும் முன்கழுவல் தேவை, ஏனென்றால் பற்பசையில் நுரை வருவதற்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட் அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும்.

அடுத்து, நாற்காலியை நிமிர்த்தி, நோயாளிக்கு ஏப்ரன் கட்டி, கோப்பையைக் கையில் கொடுத்து, 10 மி.லி. மருந்தையும் ஒரே வாயாக எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். 30 விநாடி, உதட்டை மூடியபடி, இரு கன்னங்களுக்கும் இடையே மருந்தை மாற்றி மாற்றித் தள்ளச் சொல்லுங்கள். நேரத்தை உதவியாளர் கடிகாரம் பார்த்துச் சொல்ல வேண்டும். நோயாளியிடம் விட்டால் பத்து விநாடியில் துப்பிவிடுவார். கழுத்தை அண்ணாந்து தொண்டையில் களகளவென்று கொப்பளிப்பதைத் தொற்று பரவும் காலங்களில் நான் கேட்பதில்லை. அந்தச் செயலே துளிகளைக் காற்றில் எழுப்பும், பலருக்கு இருமலையும் வரவழைக்கும். துப்புவதைச் சுழல்நீர் ஓடும் தொட்டியில் உயரத்திலிருந்து துப்பச் செய்யாமல், அதே கோப்பையை உதட்டோடு ஒட்டி வைத்துத் துப்பச் செய்யுங்கள். இயலாதவர்களுக்குச் சக்ஷன் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.  அயோடின் முடிந்ததும் தண்ணீரால் கழுவ வேண்டாம் என்பதை முன்பே சொல்லிவைக்க வேண்டும், சுவை பிடிக்காமல் பலரும் உடனே தண்ணீரைத் தேடுவார்கள்.

மரத்துப்போகும் ஊசியையும் கொப்பளிப்பதையும் எந்த வரிசையில் செய்வது என்பதில் நானே நெடுங்காலம் தவறு செய்திருக்கிறேன். வரவேற்பறையிலேயே கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, உள்ளே அழைத்து, பேசி, படம் எடுத்து, ஊசி போட்டு, மரப்பதற்காகக் காத்திருந்து, ஏர்ரோட்டரைக் கையில் எடுக்கும்போது இருபத்தைந்து நிமிடம் போயிருக்கும். மருந்தின் பயன் மிகுந்திருக்கும் நேரமெல்லாம் அந்தக் காத்திருப்பில் கரைந்துவிட்டிருக்கும். ஊசிக்குப் பிறகு கொடுக்கலாம் என்றால், கீழுதடு மரத்த நோயாளியால் வாயை மூடி மருந்தைப் பிடித்து வைக்க முடியாது. தாடை வழியே சட்டையில் வழியும். இப்போது நான் செய்வது இது: பரிசோதனை, படம், பேச்சு எல்லாவற்றையும் முடித்தபின் கொப்பளிப்பு, உடனே ஊசி, மரத்ததும் நான் தொடப்போகும் பகுதியை மருந்து நனைத்த காஸால் ஒருமுறை துடைத்துவிட்டு வேலை தொடக்கம். சிகிச்சை செய்யும் பற்களை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் திரையான ரப்பர் டேம் போடும் சிகிச்சையில் கொப்பளித்தபின் டேம் போட்டு, வெளியே தெரியும் பற்களை மறுபடி துடைத்தால் போதும். ஸ்கேலிங் அரை மணி நேரத்தைத் தாண்டினால் நடுவில் நிறுத்தி இன்னொரு முறை கொப்பளிக்கச் செய்கிறேன்.

கொப்பளித்துவிட்டார் என்பதற்காக எந்தக் காப்பும் தளரக் கூடாது. 8 மி.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள குழாயோடு வேகமாக உறிஞ்சும் சக்ஷனை உதவியாளர் பல்லுக்கு அருகிலேயே பிடித்திருந்தால், எழும் நுண்துளிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அகற்றிவிடலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உமிழ்நீரை மட்டும் இழுக்கும் மெல்லிய குழாய் இதைச் செய்யாது. என்95 கவசம், கண்ணாடி, திறந்த சன்னல் ஆகியவை கொப்பளிப்புக்கு மாற்று அல்ல, கொப்பளிப்பு அவற்றுக்கும் மாற்று அல்ல. உதட்டில் ஹெர்பிஸ் கொப்புளத்தோடு ஒருவர் வந்தால், அவசரச் சிகிச்சை தவிர மற்றவற்றைப் புண் ஆறும் வரை தள்ளிவையுங்கள். அந்த நீர்த்துளி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். கையுறை கிழிந்த விரலில் பட்டால் நகத்தோரம் கொப்புளம் வந்து பல வாரம் வேலையைக் கெடுக்கும். காய்ச்சல், இருமலோடு வருபவருக்கும் இதே விதிதான்.

வேலை முடிந்தபின் கோப்பைகளைக் கவனியுங்கள். துப்பிய கோப்பையைக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டுச் சாதாரணக் குப்பையில் எறிவது நம் கிளினிக்குகளில் பரவலாக இருக்கும் பழக்கம். அது கையுறை அணிந்த கையால்தான் எடுக்கப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி உமிழ்நீரும் இரத்தமும் பட்ட காஸும் பஞ்சும் மஞ்சள் பைக்கும், பிளாஸ்டிக் கோப்பையும் குழாயும் சிவப்புப் பைக்கும் போக வேண்டும். காகிதக் கோப்பையைப் பயன்படுத்தினால் அதுவும் மஞ்சள் பைக்கே. நோயாளியின் குறிப்பேட்டில், கொடுத்த மருந்தின் பெயர், செறிவு, நேரம் ஆகிய மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது எது ஒத்துக்கொண்டது என்று மறுபடி கேட்க வேண்டியிருக்காது.